எஞ்சின் லைட் எரியுதா? உடனே எதையும் மாத்தாதீங்க

இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா அங்கங்க திருத்தி, கொஞ்சம் சுருக்கியிருக்கோம்.

இந்த வாரமும் எரர் கோடு பத்திதான் பேசப் போறோம். ஆனா இது லேப்டாப்ல வர்ற எரர் இல்ல, கார் மீட்டர்ல வர்ற எரர்.

எனக்கு வேலை பெங்களூருல, வீடு திருப்பத்தூர்ல. வீட்டுல ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக் இருக்கு. 2013 கடைசியில எங்க மாமா சென்னையில வாங்கினது. 2018-ல அப்பா கைக்கு வந்துச்சு. இப்ப 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. அம்மாவை மாசா மாசம் செக்கப்புக்கு வேலூர் கூட்டிட்டுப் போறது, சொந்தக்காரங்க வீட்டு விசேஷம், எல்லாத்துக்கும் இதுதான்.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரும் ஜவ்வாது மலைப் பக்கம் போயிட்டு, காவலூர், ஆலங்காயம் வழியா திரும்பி வந்துட்டிருந்தோம். ஆலங்காயம் தாண்டி ரோடு நேரா போற இடத்துல மீட்டர்ல மஞ்சளா ஒரு லைட். எஞ்சின் படம் போட்டது.

அப்பா, "டேய், இது என்னடா புது லைட்டு?"ன்னார். கேட்டுட்டு ஏசியை ஆஃப் பண்ணார். ஏன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அம்மா பின்னாடியிலிருந்து, "முதல்ல ஓரமா நிறுத்துங்க." நிறுத்தினோம். சூடு முள்ளு நார்மல். புகை இல்ல, வாசனை இல்ல. மெதுவா வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் அப்பா ஒரு ஒர்க் ஷாப்ல விட்டார். ஸ்கேனர் போட்டு பத்தே நிமிஷத்துல பதில் வந்துடுச்சு: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு, மாத்தணும், எஸ்டிமேட் 38,500 ரூபாய். கூடவே ஒரு அட்வைஸ்: "இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு பண்றதுக்கு, வித்துடுங்க சார்." ரெண்டு நாள்ல ஒருத்தர் வீட்டுக்கே வந்து 90,000 ரூபாய்க்குக் கேட்டார். லைட் எரியலைன்னா அதே வண்டி ஒன்றரை லட்சம் போகும்.

அப்பா கிட்டத்தட்ட சரின்னு சொல்லிட்டார். நான் போன்ல, "ஒரு வாரம் டைம் குடுங்கப்பா"ன்னேன். அந்த ஒரு வாரத்துல கத்துக்கிட்டதுதான் இந்த எபிசோட். ஒரே வரியில சொல்லணும்னா இதுதான்: கோடு சொல்றது எங்க பார்க்கணும்னு. எதை மாத்தணும்னு அது சொல்றதே இல்ல.

அந்த லைட் யாருக்காக எரியுது?

நம்மல்ல பல பேர் நினைக்கிறது, எஞ்சினுக்கு ஆபத்துன்னா அந்த லைட் எரியும்னு. அதுக்கு ஏற்கெனவே ரெண்டு சிவப்பு லைட் இருக்கு. ஆயில் பிரஷருக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு. இந்த மஞ்சள் லைட் பிறந்ததே வேற காரணத்துக்கு. அது காத்துக்காக வந்த லைட்.

1940-களில் அமெரிக்காவோட லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒரு கண் எரியற புகைமூட்டம் மூட ஆரம்பிச்சது. 1950-களின் தொடக்கத்துல ஹாகன் ஸ்மிட்ங்கற வேதியியல் பேராசிரியர், அதுக்குப் பெரிய காரணம் கார்ப் புகையும் அது மேல படற சூரிய வெளிச்சமும்னு காட்டினார். கலிஃபோர்னியா மாநிலம் புகைக்குச் சட்டம் போட்டுச்சு. ஆனா ஒரு சிக்கல் மிச்சம் இருந்துச்சு. ஷோரூம்லேர்ந்து வரும்போது கார் சுத்தமா இருக்கும். அஞ்சு வருஷம் கழிச்சு? யாருக்கும் தெரியாது. அதனால காரே தன்னைத் தானே பரிசோதிச்சு, புகை அளவு மீறற மாதிரி இருந்தா ஓட்டறவருக்குச் சொல்லணும்னு விதி வந்துச்சு. அதுக்குப் பேர் ஓபிடி. அமெரிக்காவுல 1996 மாடல்லேர்ந்து எல்லா கார்லயும் ஒரே மாதிரி 16 பின் போர்ட்டும் ஒரே மாதிரி கோடுகளும் கட்டாயமாச்சு.

இந்தியாவுல இது பாரத் ஸ்டேஜ் விதிகளோட வந்துச்சு. 2010-ல சென்னை உட்பட 13 நகரங்கள்ல பிஎஸ் 4 வந்தப்போ ஓபிடியோட முதல் கட்டம். 2013 ஏப்ரல்ல இன்னும் கடுமையான ரெண்டாம் கட்டம். நாடு முழுக்க பிஎஸ் 4 ஆனது 2017 ஏப்ரல் 1-ல தான். அப்ப நம்ம திருப்பத்தூர் தனி மாவட்டம்கூட இல்ல, வேலூர் மாவட்டத்துல இருந்துச்சு. அதாவது, 2013-ல சென்னையில பதிவான ஒரு காரும், அதே மாடல் அதே வருஷம் இந்தப் பக்கம் பதிவான காரும் புகை விஷயத்துல ஒண்ணா இருக்கணும்னு இல்ல. இங்க வாங்கினதுல பின்பக்க சென்சாரே இல்லாம இருக்கலாம். பழைய கார் வாங்கறவங்க ஆர்சி புக்ல எந்த பிஎஸ்னு ஒரு தடவை பாருங்க.

சும்மா எரியுதா, சிமிட்டுதா?

ரோட்டுல லைட் வந்தா முதல்ல கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

லைட் அசையாம எரியுது, வண்டி வழக்கம்போல ஓடுது, சிவப்பு லைட் எதுவும் இல்லன்னா, பயப்பட ஒண்ணுமில்ல. வீடு போயிட்டு பார்க்கலாம். அதுக்காக மாசக்கணக்கா விடலாம்னு அர்த்தம் இல்ல.

லைட் விட்டு விட்டுச் சிமிட்டுதுன்னா விஷயம் வேற. பெரும்பாலான கார்கள்ல அதுக்கு அர்த்தம், ஏதோ ஒரு சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம அப்படியே வெளிய போகுதுன்னு. இதைத்தான் மிஸ்ஃபயர்னு சொல்றோம். எரியாத பெட்ரோல் சைலன்சர் லைன்ல இருக்கிற கன்வெர்ட்டருக்குள்ள போய் அங்க எரியும். உள்ள இருக்கிற பீங்கான் தேன்கூடு உருகற அளவுக்குச் சூடு ஏறலாம். ஏலகிரியோட 14 கொண்டை ஊசி வளைவுல ஏறும்போது இப்படிச் சிமிட்ட ஆரம்பிச்சா, மேல போய் பார்த்துக்கலாம்னு மிதிக்காதீங்க. ஆக்சிலேட்டரை விட்டு, பாதுகாப்பான இடத்துல நிறுத்துங்க. 1,000 ரூபாய் பிளக் வேலை பெரிய செலவா மாறறது அந்த இடத்துலதான்.

ஆயில் லைட்டோ சூட்டு லைட்டோ சிவப்பா வந்தா கேள்வியே இல்ல. நிறுத்தி, எஞ்சினை ஆஃப் பண்ணுங்க.

கோடு சொல்றது இவ்வளவுதான்

ஸ்கேனர் பெரிய மந்திரம் ஒண்ணும் இல்ல. ஸ்டீயரிங் கீழ, முட்டிக்குப் பக்கத்துல அந்த 16 பின் போர்ட் இருக்கும். ப்ளூடூத் அடாப்டர் ஒண்ணு சில நூறு ரூபாய்லேர்ந்தே கிடைக்குது. அதைச் செருகி, போன்ல ஒரு ஆப் போட்டா போதும். வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க. செருகியே விட்டா பேட்டரியை மெதுவா உறிஞ்சும்.

எங்க கார்ல வந்த கோடு பி0420. முதல் எழுத்து பி-ன்னா எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த பூஜ்யம்னா எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. நாலுன்னா புகைக் கட்டுப்பாட்டுப் பிரிவு. கடைசி இருபது குறிப்பிட்ட புகார். மொத்தத்துல அர்த்தம்: "கன்வெர்ட்டரோட செயல்திறன் எதிர்பார்த்ததை விடக் குறைவாத் தெரியுது."

"தெரியுது"ங்கறதை அடிக்கோடு போட்டுக்கோங்க. கன்வெர்ட்டர் செத்துடுச்சுன்னு அங்க எழுதியில்ல. வெப்சைட்ல 500 எரர் வந்தா நாம சர்வரையா தூக்கிப் போடறோம்? லாகைத் திறந்து பார்ப்போம் இல்ல?

இதுக்கு நம்ம மலையிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. அன்னிக்கு நாங்க கடந்து வந்த காவலூர்ல வைனு பாப்பு வானாய்வகம் இருக்கு இல்லையா? 1977 மார்ச் 10-ம் தேதி யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கிறதை அங்க ஒரு மீட்டர் தொலைநோக்கியில பார்த்துட்டிருந்தாங்க. கிரகம் மறைக்கிறதுக்கு முன்னாடியே நட்சத்திரத்தோட வெளிச்சம் ஒரு தடவை குறைஞ்சுது. அதை யுரேனஸோட ஒரு புதுத் துணைக்கோள்னு விளக்கி நேச்சர் இதழ்ல கட்டுரையும் வந்துச்சு. அப்புறம் மத்த இடங்கள்ல எடுத்த பதிவுகளோட ஒப்பிட்டப்போதான் அது வளையம்னு தெளிவாச்சு. கருவி சரியாத்தான் அளந்துச்சு. வெளிச்சம் குறைஞ்சது உண்மை. ஏன் குறைஞ்சதுங்கறதுக்கு இன்னும் சில அளவுகள் தேவைப்பட்டுச்சு.

கார்லயும் அப்படித்தான். ஒரு கோடு, ஒரு அளவு. அதை வச்சே முடிவு எடுத்துடக் கூடாது.

பி0420 எப்படி வருது?

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ங்கறது சைலன்சர் லைன்ல எஞ்சினுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு டப்பா. உள்ள பீங்கான் தேன்கூடு, அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகப் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடு மூணையும் பெரும்பாலும் தீங்கு குறைஞ்ச வாயுக்களா மாத்துது. அந்த உலோகங்களாலதான் அதுக்கு இவ்வளவு விலை. பழசைக்கூட ஸ்கிராப்ல நல்ல காசுக்கு எடுப்பாங்க. கழட்டி மாத்தினா பழசு எங்கன்னு கேட்டு வாங்குங்க.

இந்த டப்பாவுக்கு முன்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு. முன்னாடி சென்சாரோட வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கும். அதைப் பார்த்துத்தான் ஈசியூ பெட்ரோல் அளவை நொடிக்கு நொடி கூட்டிக் குறைக்குது. கன்வெர்ட்டர் நல்லா இருந்தா, அந்த ஆக்சிஜன் ஏற்ற இறக்கத்தை அது உள்வாங்கிக்கும். பின்னாடி சென்சார் கிட்டத்தட்ட நேர்கோடா இருக்கும். பின்னாடியும் முன்னாடி மாதிரியே ஆட ஆரம்பிச்சா, ஈசியூ பி0420 போடும். அதுவும் ஒரே தடவையில இல்ல. பெரும்பாலும் ரெண்டு மூணு ஓட்டத்துல தொடர்ந்து பார்த்த பிறகுதான். சீரான வேகத்துல போகும்போதுதான் இந்தச் சோதனையே நடக்கும். மலை மேல எரியாத லைட் ஆலங்காயம் நேர் ரோட்டுல ஏன் எரிஞ்சதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

இப்ப யோசிங்க. பின்னாடி சென்சாரே பழுதா இருந்தா? சைலன்சர் லைன்ல எங்கயாவது ஓட்டை விழுந்து வெளிக்காத்து உள்ள போனா? எஞ்சின் தப்பான விகிதத்துல பெட்ரோல் ஊத்திட்டிருந்தா? இது எல்லாத்துக்கும் இதே பி0420 வரலாம். கன்வெர்ட்டர் உண்மையிலேயே தேஞ்சு போயிருந்தாலும் வரும். ஒரு கோடு, நாலு காரணம். நாலுல விலை அதிகமானதுலேர்ந்து ஆரம்பிக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

ஃப்யூயல் ட்ரிம்: யாரும் பார்க்காத ரெண்டு நம்பர்

சனிக்கிழமை காலையில நான் அடாப்டரோட உட்கார்ந்தேன். சேமிச்ச கோடு பி0420 மட்டும்தான். ஆனா இன்னும் உறுதியாகாத கோடுகள்னு ஆப்ல ஒரு பக்கம் இருக்கும். அங்க பி0171. அர்த்தம், "கலவையில பெட்ரோல் கம்மியா, காத்து அதிகமாத் தெரியுது." ஒர்க் ஷாப் பேப்பர்ல இது இல்லவே இல்ல.

அடுத்து லைவ் டேட்டாவுல ஃப்யூயல் ட்ரிம் பார்த்தேன். ஈசியூகிட்ட ஒரு கணக்கு இருக்கும், இவ்வளவு காத்துக்கு இவ்வளவு பெட்ரோல்னு. சென்சார் சொல்றதைப் பார்த்து அந்தக் கணக்கை எத்தனை சதவீதம் திருத்துதோ, அதுதான் ட்ரிம். குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம்னு ரெண்டு இருக்கும். ரெண்டையும் கூட்டிப் பாருங்க. பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருந்தா நல்லது. பத்தைத் தாண்டினா கவனிக்கணும்.

எங்க கார்ல ஐடிலிங்ல பிளஸ் 17. கணக்கை விட 17 சதவீதம் அதிகமா பெட்ரோல் ஊத்துது. ஆக்சிலேட்டரை மிதிச்சு 2,500 ஆர்பிஎம்ல பிடிச்சா பிளஸ் 6-க்கு இறங்கிடுச்சு.

இந்த வித்தியாசம்தான் துப்பு. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ பலவீனமா இருந்தா, எஞ்சின் அதிகம் கேட்கும்போதுதான் பத்தாக்குறை வரும். அதாவது ஆர்பிஎம்மும் லோடும் ஏற ஏற ட்ரிம் கூடணும். இங்க தலைகீழா நடக்குது. கம்மியான ஓட்டத்துல பெரிய பிரச்சினை, அதிக ஓட்டத்துல சின்ன பிரச்சினை. எங்கயோ ஒரு சின்ன ஓட்டை வழியா கொஞ்சம் காத்து உள்ள வருதுன்னா இப்படித்தான் இருக்கும். எஞ்சின் மெதுவா மூச்சு விடும்போது அந்தக் கொஞ்சம் காத்து பெருசா தெரியும். வேகமா மூச்சு விடும்போது அது கலந்து கரைஞ்சு போயிடும்.

ஈ20 பெட்ரோலா இருக்குமோ?

இந்தக் கேள்வி உங்க மனசுல வந்திருக்கும். எனக்கும் வந்துச்சு. பெட்ரோல்ல 20 சதவீத எத்தனால் கலப்பை நாடு 2025-ல எட்டிடுச்சு. எங்க கார் அதுக்கு ரொம்ப முன்னாடி செஞ்சது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அப்ப 20 சதவீதம் கலந்தா, கிட்டத்தட்ட 13.5 கிலோ காத்துக்கு ஒரு கிலோ எரிபொருள். ஆக, சுத்த பெட்ரோலுக்கு ட்யூன் பண்ண கார் ஈ20-ல ஓடினா, ட்ரிம் எட்டு ஒன்பது சதவீதம் வரை ஏறுறது இயல்பு. ஏற்கெனவே கொஞ்சம் எத்தனாலுக்கு ட்யூன் ஆகியிருந்தா இன்னும் கம்மியா ஏறும்.

ஆனா எத்தனால் ஐடிலிங்ல ஒரு மாதிரி, 2,500-ல வேற மாதிரி நடந்துக்காது. எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு ஏத்தும். எங்ககிட்ட இருந்தது 17-க்கும் 6-க்கும் நடுவுல இருந்த இடைவெளி. அதை எத்தனாலால விளக்க முடியாது. பழைய கார்ல ஈ20 ரப்பர் குழாய்களைப் பாதிக்குமா, மைலேஜ் குறையுமாங்கறது தனி விவாதம். அதுக்குத் தனி எபிசோடே போடலாம். இந்த லைட்டுக்கு மட்டும் அதைக் குத்தம் சொல்ல முடியாது.

அப்பா சொல்லிட்டே இருந்த சத்தம்

நம்பர் எல்லாம் எழுதி வச்சுட்டு அப்பாகிட்ட கேட்டேன், "வண்டியில வேற ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதாப்பா?"

அவர் ஒரு மாதிரி பார்த்தார். "ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேனேடா. காலையில ஸ்டார்ட் பண்ணா தையல் மெஷின் மாதிரி டிக் டிக்னு சத்தம் வருது. ரெண்டு கிலோமீட்டர் போனா நின்னுடுது. நீதான் பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு சொன்னே."

ஆமா. நான்தான் சொன்னேன். போன்ல, மீட்டிங் நடுவுல, மியூட் போட்டுட்டு.

குளிர்ந்த எஞ்சின்ல டிக் டிக், சூடானதும் நின்னுடுதுன்னா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது எஞ்சின்லேர்ந்து புகை வெளிய வர்ற மேனிஃபோல்டு பக்கம் கசிவு. இரும்பு குளிர்ந்திருக்கும்போது இடைவெளி இருக்கும். சூடானா விரிஞ்சு ஓரளவு மூடிக்கும். புகை சீரா வர்றதில்ல, துடிப்பு துடிப்பா வரும். ஒவ்வொரு துடிப்பும் ஓட்டை வழியா வெளிய அடிக்கும்போது அந்த டிக் சத்தம். ரெண்டு துடிப்புக்கு நடுவுல அழுத்தம் இறங்கும்போது வெளிக்காத்து உள்ள இழுக்கப்படும். முன்னாடி சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துட்டு, பெட்ரோல் பத்தலன்னு ஈசியூகிட்ட சொல்லும். ஈசியூ அதை நம்பி இன்னும் ஊத்தும். பி0171 வந்த வழி இது. தேவையில்லாத பெட்ரோலும் தேவையில்லாத ஆக்சிஜனும் கன்வெர்ட்டருக்குள்ள போனா பின்னாடி சென்சாரோட கணக்கும் குழம்பும். பி0420 வந்த வழி அது. அப்பாவோட டைரியில லிட்டருக்கு 17 கிலோமீட்டர் குடுத்த வண்டி 15-க்கு இறங்கினதும் எழுதியிருந்துச்சு.

ஒண்ணு சொல்லிடறேன். காத்து உள்ள வர்ற பக்கம் ஒரு ரப்பர் குழாய் வெடிச்சிருந்தாலும் சில கார்கள்ல இதே மாதிரி ட்ரிம் காட்டும். அதனால சத்தம், ட்ரிம் ரெண்டும் ஒரே இடத்தைக் காட்டினாலும் கண்ணால பார்க்காம முடிவு பண்ணலை.

சோப்புத் தண்ணி டெஸ்ட்

பஞ்சர் கடையில ட்யூபைத் தண்ணித் தொட்டியில முக்கி முட்டை எங்க வருதுன்னு பார்ப்பாங்க இல்ல? அதே வேலைதான்.

ராத்திரி முழுக்க நின்ன வண்டி, எஞ்சின் ஆஃப், முழுக்கக் குளிர்ந்து இருக்கு. கம்ப்யூட்டர் தூசி அடிக்கிற ப்ளோயரை சைலன்சர் வாயில வச்சு, சுத்தித் துணியால அடைச்சேன். அது லேசான காத்துதான், அதுவே போதும். அப்பா பானெட்டைத் திறந்து, பழைய ஸ்ப்ரே பாட்டில்ல பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணியை ஜாயின்ட் ஜாயின்ட்டா அடிச்சார். மேனிஃபோல்டும் கன்வெர்ட்டரும் சேர்ற ஃபிளேஞ்சுல, முன்னாடி சென்சாருக்குக் கொஞ்சம் மேல, நுரை பொங்கிச்சு. டார்ச் அடிச்சா அந்த இடத்தைச் சுத்திக் கரி படிஞ்சிருந்துச்சு. ஒரு ஸ்டட்டுல நட்டே இல்ல.

ஊர்ல எங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினோம். "கேஸ்கெட் போயிருக்கு சார், கன்வெர்ட்டரைத் தொட வேணாம், முதல்ல இதைப் பண்ணிப் பார்க்கலாம்"னார். இன்னொரு ஸ்டட் துருப்பிடிச்சு உடைஞ்சதால அரை நாள் ஆச்சு. கேஸ்கெட், ஸ்டட், நட்டு, கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய்.

அதுக்கப்புறம் ஐடிலிங்ல ட்ரிம் பிளஸ் 6, 2,500-ல பிளஸ் 5. ரெண்டும் ஒண்ணா நிக்குது. மிச்சம் இருக்கிற அஞ்சாறு எத்தனாலோட பங்கா இருக்கலாம். கோடை அழிச்சுட்டு ரெண்டு மாசமா ஓட்டறார், லைட் வரல. ஆப்ல கன்வெர்ட்டர் சோதனை முடிஞ்சது, பாஸ்னு காட்டுது. 12 வருஷப் பழைய கன்வெர்ட்டர் என்னிக்காவது உண்மையாவே போகும். அது இன்னிக்கு இல்ல.

காசு மட்டும் இல்ல

இதைச் சொல்லத் தயக்கமா இருந்துச்சு, ஆனா சொல்லணும். போன சில மாசமா வேலூர் போயிட்டு வந்தாலே அம்மாவுக்குத் தலைவலி. வெயில், வயசு, பசின்னு நாங்க ஒவ்வொரு காரணம் சொல்லிட்டிருந்தோம்.

கன்வெர்ட்டருக்கு முன்னாடி கசியறது சுத்தம் பண்ணாத புகை. அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறம் இல்ல, வாசனை இல்ல. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட அதை 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். முதல் அறிகுறி தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். பானெட் உள்ள கசியற புகை, சிக்னல்ல நிக்கும்போது கண்ணாடிக்குக் கீழ இருக்கிற காத்து வழியா வண்டிக்குள்ள வரலாம்.

அம்மாவோட தலைவலி இதனாலதான்னு நான் சொல்லல. அதை அளக்க எங்ககிட்ட எந்த வழியும் இல்ல. டாக்டர்கிட்டயும் இதைச் சொல்லியிருக்கோம். ஆனா யாராவது 300 ரூபாய் வாங்கிட்டு கோடை மட்டும் அழிச்சு லைட்டை அணைச்சுக் குடுத்திருந்தா, நாங்க சந்தோஷமா அதே வண்டியில, ஏசி போட்டு, கண்ணாடி ஏத்திட்டுப் போயிட்டிருந்திருப்போம். 38,500 குடுத்து கன்வெர்ட்டர் மாத்தியிருந்தா? கழட்டி மாட்டும்போது புது கேஸ்கெட் போட்டிருப்பாங்க, லைட்டும் போயிருக்கும், கன்வெர்ட்டர்தான் காரணம்னு காலம் பூரா நம்பியிருப்போம்.

உங்க கார்ல லைட் வந்தா

வரிசையாச் சொல்றேன், போன்ல குறிச்சு வச்சுக்கோங்க.

ஒண்ணு: கோடை அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. உறுதியாகாத கோடுகளையும் பாருங்க. ஃப்ரீஸ் ஃப்ரேம்னு ஒரு பக்கம் இருக்கும். லைட் எரிஞ்ச நொடியில வேகம், சூடு, ஆர்பிஎம் எல்லாம் அதுல பதிவாகியிருக்கும். கோடை அழிச்சா அதுவும் போயிடும். லாகை டெலீட் பண்ணிட்டு பக் சரியாயிடுச்சுன்னு சொல்ற கதைதான்.

ரெண்டு: வண்டி ஓட்டறவங்ககிட்ட கேளுங்க. சத்தம், வாசனை, மைலேஜ், எப்ப வருது, எப்ப நிக்குது. ஸ்கேனருக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியும்.

மூணு: ட்ரிம்மை ஐடிலிங்ல ஒரு தடவை, 2,500-ல ஒரு தடவை பாருங்க. ரெண்டையும் எழுதி மெக்கானிக்கிட்ட குடுங்க.

நாலு: செலவு கம்மியான சோதனையை முதல்ல பண்ணுங்க. சோப்புத் தண்ணி பத்து ரூபாய். பார்ட்ஸ் மாத்தச் சொன்னா, "எந்த டெஸ்ட் வச்சு இதுதான்னு முடிவு பண்ணீங்க?"ன்னு மரியாதையா கேளுங்க. நல்ல மெக்கானிக் காட்டுவார்.

அஞ்சு: யூட்யூப்ல அமெரிக்க வீடியோ பார்த்துட்டு பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கினா சரியாயிடும்னு நம்பாதீங்க. அங்க டேங்க் ஆவிக் கசிவைச் சோதிக்கிற விதி இருக்கு. நம்ம ஊர்ப் பழைய கார்கள்ல பெரும்பாலும் அந்தச் சோதனையே கிடையாது. அதே மாதிரி, புகைச் சான்றிதழ் இருக்கு, அதனால வண்டி சரியா இருக்குன்னும் நினைக்காதீங்க. அந்த டெஸ்ட் நின்ன இடத்துல, சைலன்சர் வாயில எடுக்கறது. ஓபிடி போர்ட்டை அங்க யாரும் பார்க்கறதில்ல.

ஆறு: பழைய கார் வாங்கப் போறீங்கன்னா, சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி எஞ்சின் லைட் ஒரு தடவை எரியணும். எரியவே இல்லன்னா பல்பைக் கழட்டியிருக்கலாம். எரிஞ்சு அணைஞ்சா, ஸ்கேனர்ல சோதனைகள் முடிஞ்சிருக்கான்னு பாருங்க. பல சோதனை முடியாமலே இருந்தா, உங்களுக்குக் காட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் யாரோ கோடை அழிச்சிருக்காங்கன்னு சந்தேகப்படலாம்.

கடைசியா ஒரு எச்சரிக்கை. சூடான எஞ்சின்ல கை வைக்காதீங்க. ஜாக்கி மட்டும் போட்டு வண்டிக்கு அடியில போகாதீங்க. மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சினை ஓட விடாதீங்க.

90,000-க்குக் கேட்டவர் போன வாரம் மறுபடியும் போன் பண்ணார். அப்பா, "வண்டி விக்கறதா இல்லைங்க"ன்னுட்டு வச்சுட்டார். அப்புறம் என்கிட்ட சொன்னார், "பிரேக்ல ஒரு சத்தம் வருதுடா. இப்ப கேக்கறியா, இல்ல மீட்டிங்கா?"

லேப்டாப்பை மூடிட்டேன். அடுத்த எபிசோட் பிரேக் பத்திதான். சந்திப்போம்.